ஒப்படைப்பில் சாட்பாட்: மறைக்கத் தேவையில்லாத விதியை வகுப்பது எப்படி?

கல்லூரியில் ஒப்படைப்புகளைத் திருத்தும் ஆசிரியர்கள் பலருக்குக் கடந்த சில ஆண்டுகளாக ஒரு வழக்கம் படிந்துவிட்டது. கட்டுரையின் முதல் பத்தி பிழையின்றி அமைந்திருந்தால், மகிழ்வதற்கு முன்பே ஐயப்படுகிறார்கள். 2022 நவம்பர் 30 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி என்ற சாட்பாட்டை, அதாவது கேட்டதற்கு எழுத்தில் விடை தரும் மென்பொருளை, பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்ட பிறகு வந்த வழக்கம் இது. நியூயார்க் நகரப் பொதுப்பள்ளி நிர்வாகம் 2023 ஜனவரியில் தன் கணினிகளிலும் இணைய இணைப்புகளிலும் அதைத் தடைசெய்தது; அதே ஆண்டு மே மாதத்தில் தடையை விலக்கிக்கொண்டது. மாணவரின் கைப்பேசியில் திறந்தே கிடக்கும் கதவைப் பள்ளியின் இணைப்பில் மட்டும் அடைத்தால் அது எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு அந்த நான்கு மாதங்களே சான்று.

ஒரு துறையோ தனி ஆசிரியரோ சாட்பாட் பயன்பாட்டுக்குத் தமக்கென விதி வகுத்துக்கொள்ள உதவும் வழிகாட்டி இது. கல்லூரியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மேல்நிலைப் பள்ளிக்கு மாற்ற வேண்டியவற்றை அந்தந்த இடத்தில் சுட்டியிருக்கிறேன். இதில் வரும் எல்லா நடைமுறைகளும் ஒரே நிபந்தனையின்மேல் நிற்பவை: சாட்பாட்டைப் பயன்படுத்தியதாக எழுதித் தரும் மாணவர், பயன்படுத்திவிட்டு மறைத்த மாணவரைவிட ஒரு மதிப்பெண்கூடக் குறைவாகப் பெறக் கூடாது. இந்த நிபந்தனையை ஏற்க மனமில்லாத துறை, வெளிப்படைத்தன்மை என்ற சொல்லைத் தன் விதியில் எழுதாமல் விடுவதே நேர்மை. உண்மை சொன்னால் மதிப்பெண் குறையும் என்று தெரிந்த வகுப்பில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை முதல் வகுப்பிலேயே காட்டுங்கள்

விதியைப் படித்துக் காட்டும் முன் கருவியைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிடுவது நல்லது. சாட்பாட் ஒரு நூலகத்தைத் திறந்து விடையைத் தேடி எடுத்துத் தருகிறது என்றே பெரும்பாலான மாணவர்கள் எண்ணுகிறார்கள். இணையத் தேடலோடு இணைக்கப்பட்ட பதிப்புகள் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது உண்மைதான். ஆனால் அடிப்படையில் அது செய்யும் வேலை, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எது வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே செல்வதாகும். கணித்தது உண்மையாக இருந்தாலும் பொய்யாக இருந்தாலும் அதன் குரலில் தயக்கம் தெரியாது.

தமிழ் வகுப்பில் இதைக் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. 'எப்பொருள்' என்று தொடங்கி, 'மெய்ப்பொருள் காண்பது அறிவு' என்று முடியும் குறள்கள் இரண்டு. ஒன்று மெய்யுணர்தல் அதிகாரத்தில் 355ஆம் குறள்; மற்றொன்று அறிவுடைமை அதிகாரத்தில் 423ஆம் குறள். 'எத்தன்மைத்தாயினும்' என்பது முன்னதற்கும் 'யார்யார்வாய்க் கேட்பினும்' என்பது பின்னதற்கும் உரியவை. இப்படி ஒன்றுபோல் ஒலிக்கும் இடங்களில்தான் கணிப்பு இயந்திரம் எளிதில் தடுமாறும். ஒன்றின் அடியை மற்றதன் எண்ணோடும் உரையோடும் ஒட்டித் தரக்கூடும். மாணவர்களையே தத்தம் கைப்பேசியில் கேட்கச் செய்து, வந்த விடைகளைக் கரும்பலகையில் எழுதி, அச்சு நூலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எல்லாருக்கும் சரியான விடையே வந்தாலும் குறையில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் கை பழகிவிடும்.

செய்யுளை அசையும் சீருமாகப் பிரித்துக் காட்டும் அலகிடுதல் இன்னும் நல்ல சோதனை. 'அகர முதல எழுத்தெல்லாம்' என்பதை அசை பிரித்தால் புளிமா, புளிமா, புளிமாங்காய் என்று வரும் என்பது இளங்கலை முதலாண்டு மாணவருக்குத் தெரியும். இயந்திரம் தமிழை நாம் பார்ப்பதுபோல் எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை. உரையைத் தன் கணக்குக்கு ஏற்ற சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. அந்த வெட்டு நம் உயிர்மெய் எழுத்துகளோடு பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆகவே பரவலாக அறியப்படாத ஒரு வெண்பாவைக் கொடுத்து வாய்பாடு கேட்டால், நேரசையை நிரையாக்கி, அதற்கு நம்பிக்கையான விளக்கமும் எழுதித் தர வாய்ப்புண்டு. பிழையை மாணவரே கண்டுபிடித்த வகுப்பில், 'அது தவறு செய்யும்' என்று ஆசிரியர் உரையாற்ற வேண்டிய தேவை இருக்காது.

ஒரே விதி எல்லா ஒப்படைப்புக்கும் பொருந்தாது

'செயற்கை நுண்ணறிவைப் பொறுப்புடன் பயன்படுத்துக' என்று கல்லூரிச் சுற்றறிக்கை சொல்லிவிட்டுப் போகலாம். மாணவருக்குத் தெரிய வேண்டியது, வரும் வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டிய இந்தக் கட்டுரைக்கு அதைப் பயன்படுத்தலாமா, கூடாதா என்பது. எனவே விதியைப் பாடத்துக்கு ஒன்றாக வகுக்காமல், ஒப்படைப்புக்கு ஒன்றாக வகுத்து, கேள்விக்குக் கீழேயே ஒரு வரியாக அச்சிடுங்கள்.

அந்த வரியை முடிவுசெய்ய ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: இந்த ஒப்படைப்பில் மாணவர் எந்த வேலையைத் தாமே செய்தால்தான் கற்றல் நிகழும்? யாப்புப் பயிற்சியில் அசை பிரிப்பதே கற்றல். அங்கே இயந்திரத்துக்கு இடமில்லை. அந்தப் பயிற்சியை வீட்டுக்கு அனுப்பாமல் வகுப்பிலேயே தாளில் எழுத வைத்துவிடலாம். கருத்தரங்கக் கட்டுரையில் நூலைப் படித்து ஒரு நிலைப்பாட்டை எட்டுவதே கற்றல். அதற்குத் தலைப்பைக் கூர்மையாக்கவும், எதிர்வாதம் கேட்கவும், எழுதி முடித்தபின் ஒற்றுப்பிழை பார்க்கவும் சாட்பாட்டை அனுமதிக்கலாம். பத்திகளை எழுதித் தரச் சொல்வதை அனுமதிக்கக் கூடாது. மொழிபெயர்ப்புத் தாளில் நிலைமை தலைகீழாகும். இயந்திரம் தந்த மொழிபெயர்ப்பைக் கையில் கொடுத்து, எங்கே பொருள் நழுவியது, எங்கே ஆங்கில வாக்கிய அமைப்பு தமிழுக்குள் ஒளிந்திருக்கிறது என்று குறித்துத் திருத்தச் சொல்வது, வெறுமனே ஒரு பத்தியை மொழிபெயர்க்கச் சொல்வதைவிடக் கடினமான தேர்வு. கணினி அறிவியல் துறையில் நிரல் எழுதக் கற்கும் முதல் பருவத்துக்கும், இறுதியாண்டுத் திட்டப்பணிக்கும் இதே வேறுபாடு பொருந்தும்.

கேள்விக்குக் கீழே இடும் வரி இப்படி அமையலாம்: 'இக்கட்டுரைக்குத் தலைப்பு யோசிக்கவும் பிழை திருத்தவும் சாட்பாட்டைப் பயன்படுத்தலாம், கட்டுரைப் பகுதிகளை அதனைக் கொண்டு எழுதக் கூடாது, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் கடைசிப் பக்கத்தில் அறிவிப்பு எழுத வேண்டும்.' கடைசித் தொடர் முக்கியமானது. அறிவிப்பு எல்லாருக்கும் கட்டாயம் என்றால்தான் அதை எழுதுவது குற்ற ஒப்புதல்போல் தோன்றாது.

ஒரு கருவியைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று கேட்கும் ஒப்படைப்பானால், எல்லாருக்கும் ஒரே கருவி கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்குப் பெர்பிளெக்சிட்டி என்ற சாட்பாட்டின் கட்டணப் பதிப்பு ஓராண்டுக்கு இலவசம் என்று அறிவிக்கப்பட்டது; நவம்பரில் சாட்ஜிபிடியின் ஒரு கட்டணப் பதிப்பை இந்தியப் பயனர்களுக்கு ஓராண்டு இலவசமாக்கினார்கள். எந்த சிம் கார்டு வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒப்படைப்பின் தரம் மாறும் என்பது பத்தாண்டுகளுக்கு முன் நகைச்சுவையாகத் தோன்றியிருக்கும். கைப்பேசி இல்லாத, அல்லது வீட்டில் ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் மாணவருக்குக் கணினி ஆய்வகத்தில் நேரம் ஒதுக்குங்கள். அது முடியாவிட்டால் இயந்திரத்தின் விடையை ஆசிரியரே பெற்று, நகலெடுத்து, வகுப்பு முழுமைக்கும் ஒரே தாளாகக் கொடுத்துவிடுவது நியாயமானது.

அறிவிப்பை எழுதக் கற்பியுங்கள்

மாணவர்கள் எழுதும் அறிவிப்புகளில் அதிகம் காணப்படுவது, 'இக்கட்டுரைக்குச் செயற்கை நுண்ணறிவின் உதவி பெறப்பட்டது' என்ற ஒற்றை வரி. யார் பெற்றார், எதற்குப் பெற்றார், பெற்றதை என்ன செய்தார் என்ற எதையும் அது சொல்வதில்லை. நன்றியுரையில் பெற்றோருக்கும் இறைவனுக்கும் அடுத்து அந்த வரியைச் சேர்த்துவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதுகிறார்கள். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எப்படி எழுதுவது என்று யாரும் காட்டித் தந்ததில்லை.

பயனுள்ள அறிவிப்பு ஏழெட்டு வாக்கியங்களில் முடிந்துவிடும். கருவியின் பெயர், பயன்படுத்திய நாள், எந்தப் பகுதிக்கு, என்ன கேட்டார், வந்ததில் எதை ஏற்றார், எதைத் தள்ளினார் என்பவை அதில் இருக்க வேண்டும். நான் வகுப்பில் மாதிரியாகத் தரும் அறிவிப்பு இது:

'இக்கட்டுரைக்கு ஆகஸ்ட் 12, 13 ஆகிய நாள்களில் சாட்ஜிபிடியின் இலவசப் பதிப்பைப் பயன்படுத்தினேன். தலைப்பைக் குறுக்குவதற்கு வழி கேட்டேன். அது தந்த ஐந்து தலைப்புகளில் மூன்றாவதைத் திருத்தி எடுத்துக்கொண்டேன். இரண்டாம் பகுதியிலுள்ள ஆங்கில மேற்கோளைத் தமிழாக்கித் தரச் சொன்னேன்; மூலத்தோடு ஒப்பிட்டு மூன்று இடங்களில் மாற்றினேன். மேலும் படிக்க வேண்டிய நூல்களைக் கேட்டபோது நான்கு பெயர்களைத் தந்தது. அவற்றுள் இரண்டு நூலகப் பட்டியலில் இல்லாததால் விட்டுவிட்டேன். மற்றப் பகுதிகளை நானே எழுதினேன். உரையாடலின் நகலை வைத்திருக்கிறேன்.'

இதில் ஆறாம் வாக்கியம் எனக்குப் பிடித்தது. தள்ளியதைச் சொல்லும் மாணவர், சரிபார்த்திருக்கிறார் என்பதை அது காட்டிவிடுகிறது. அறிவிப்புக்குத் தனி மதிப்பெண் கொடுக்க விரும்பும் துறை, எவ்வளவு பயன்படுத்தினார் என்பதற்குக் கொடுக்காமல், எவ்வளவு திட்டமாகச் சொல்லியிருக்கிறார் என்பதற்குக் கொடுக்கலாம். 'எதற்கும் பயன்படுத்தவில்லை' என்று எழுதியவருக்கு அந்த மதிப்பெண் முழுமையாகச் சேர வேண்டும்.

உரையாடலின் நகலை எல்லாரிடமும் வாங்கிக் குவிக்க வேண்டாம். மாணவர் இரவு இரண்டு மணிக்குத் தம் மனக்கவலையையும் அதே உரையாடலில் கொட்டியிருக்கலாம். அதைப் படிக்கும் உரிமை நமக்கில்லை. நகல் மாணவரிடமே இருக்கட்டும். கேள்வி எழுந்தால் மட்டும், உரிய பகுதியை மட்டும் காட்டினால் போதும் என்று விதியில் எழுதிவிடுங்கள்.

அறிவிப்பு எங்கே இடம்பெற வேண்டும் என்பதில் குழப்பம் நேர்வதுண்டு. ஒப்படைப்பில் கடைசிப் பக்கம். ஆய்வேட்டில், தரவுகளைத் தொகுக்கவோ பகுக்கவோ பயன்படுத்தியிருந்தால் ஆய்வு முறையியல் பற்றிய இயல். மொழி திருத்தத்துக்கு மட்டும் என்றால் முன்னுரை. சாட்பாட் சொன்ன வாக்கியத்தை ஆய்வுப் பொருளாகவே மேற்கோள் காட்டினால் அடிக்குறிப்பு. நூலாசிரியர் பட்டியலில் மட்டும் அதற்கு இடமில்லை. எழுதியதற்குப் பொறுப்பேற்க இயலாத ஒன்று ஆசிரியராக இருக்க முடியாது என்று பதிப்பு நெறிகளுக்கான பன்னாட்டு அமைப்புகளும் முன்னணி அறிவியல் இதழ்களும் 2023இலேயே தெளிவாக்கிவிட்டன. அதே காரணத்தால், ஒரு செய்திக்குச் சான்றாகவும் சாட்பாட்டைக் காட்டக் கூடாது. அது சுட்டும் மூலத்தைத் தேடிப் படித்து, அந்த மூலத்தையே காட்ட வேண்டும்.

சரிபார்த்தல்

2023 ஜூனில் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை உண்மையெனத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதித்தது. தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே வழுக்கிய இடம் அது. மேற்கோள், ஆண்டு, பாடல் எண், நூல் பெயர், பக்க எண் ஆகிய ஐந்தையும் இயந்திரத்தின் சொல்லை நம்பி எழுதக் கூடாது என்பது போதுமான விதி.

தமிழ் மாணவருக்குச் சரிபார்க்க நல்ல இடங்கள் இருக்கின்றன. இலக்கியப் பாடங்களுக்கு மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளமும், முந்தைய ஆய்வேடுகளுக்குச் சோத்கங்காவும் உள்ளன. பாட வேறுபாடு உள்ள பாடலுக்கு அச்சுப் பதிப்பையே நாட வேண்டும்.

கண்டறியும் மென்பொருளை நம்பித் தண்டிக்காதீர்கள்

இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. ஓப்பன்ஏஐ தானே அத்தகைய கருவி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றுள் 26 விழுக்காட்டை மட்டுமே அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றுள் 9 விழுக்காட்டை இயந்திரத்தின் எழுத்தென்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் தன்னிடமிருந்த கண்டறியும் வசதியை நிறுத்தியபோது சொன்ன கணக்கு எளிமையானது: ஓராண்டில் 75,000 கட்டுரைகள் சோதனைக்கு அனுப்பப்படும் இடத்தில், நிறுவனம் சொல்லும் 1 விழுக்காட்டுப் பிழையே உண்மை என்று கொண்டாலும், ஏறக்குறைய 750 கட்டுரைகள்மேல் வீண்பழி விழும்.

நம் மாணவர்களைப் பொறுத்தவரை இதைவிடக் கவலை தருவது வேறொன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாக முத்திரை குத்தின. எளிய சொற்களையும் பழகிய தொடர்களையும் கொண்டு எழுதும் நடை, கணிக்க எளிதான நடையாக அக்கருவிகளுக்குத் தோன்றியதே காரணம். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் ஒப்படைப்பு எழுதும் முதல் தலைமுறைப் பட்டதாரியின் நடையும் அப்படித்தான் இருக்கும்.

ஆசிரியரின் மூக்கும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. 'முக்கியப் பங்கு வகிக்கிறது', 'என்பது குறிப்பிடத்தக்கது' ஆகிய தொடர்கள் மிகுந்தால் அது சாட்பாட் எழுதியது என்று நானும் ஒரு காலத்தில் முடிவுகட்டியதுண்டு. பிறகு பழைய ஒப்படைப்புக் கட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது, சாட்ஜிபிடி பிறப்பதற்கு ஐந்தாண்டு முந்தைய கட்டுரைகளில் அதே தொடர்கள் பக்கத்துக்குப் பக்கம் நின்றன. கைடுகளிலிருந்தும் நாளிதழ்களிலிருந்தும் மாணவர்கள் கற்ற நடை அது. இயந்திரமும் அங்கிருந்தே கற்றிருக்கிறது.

இன்னொன்றையும் செய்துவிடக் கூடாது: மாணவரின் கட்டுரையைச் சாட்பாட்டிலேயே ஒட்டி, 'இதை நீ எழுதினாயா?' என்று கேட்பது. 2023 மே மாதத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் – காமர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசிரியர் இப்படிக் கேட்டு, 'ஆம்' என்று வந்த விடையை நம்பி, வகுப்பினரின் மதிப்பெண்களை நிறுத்திவைத்தது பெரும் சர்ச்சையானது. தான் எதை எழுதினோம் என்று நினைவில் வைத்திருக்கும் பதிவேடு அதனிடம் இல்லை.

ஐயம் எழுந்தால் பேசுங்கள்

ஐயம் எழவே செய்யும். அப்போது நாட வேண்டியது வாய்மொழித் தேர்வு. மாணவரைத் தனியே அழைத்து, கட்டுரையை அவர் கையிலேயே கொடுத்து, பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். இந்த மேற்கோளை எங்கே கண்டாய், இந்தச் சொல்லை இங்கே என்ன பொருளில் வைத்தாய், இந்தப் பத்தியை நீக்கினால் வாதம் என்னவாகும் என்று கேட்கலாம். எழுதியவர் தடுமாறினாலும் கட்டுரைக்குள் வழி தெரிந்தவராக இருப்பார். எழுதாதவருக்குச் சரளமாகப் பேச வந்தாலும் வழி தெரியாது. கூச்சத்தால் வாயடைத்துப்போகும் மாணவர்களும் உண்டு என்பதால், விருப்பப்படுவோர் அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் காட்டவும் வாய்ப்பளிக்க வேண்டும்.

ஐயப்பட்டவரை மட்டும் அழைத்தால் அழைப்பே தண்டனையாகிவிடும். ஆகவே ஒவ்வோர் ஒப்படைப்புக்கும் குலுக்கல் முறையில் ஐந்தாறு பேரை அழைப்பதை வழக்கமாக்கிவிடுங்கள்; ஐயத்துக்குரியவரும் அவர்களோடு வந்து போவார். அறுபது பேர் கொண்ட வகுப்பில் இதற்கு ஒரு பிற்பகல் போதும். அறிவிப்பு பொய் என்று உறுதியானால், முதல் முறை அந்த ஒப்படைப்பை மீண்டும் எழுதச் செய்வதும், மறுமுறை அகமதிப்பீட்டில் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் இல்லை என்பதும் அளவான நடவடிக்கைகள். தண்டனை பயன்பாட்டுக்கு உரியதன்று, பொய் அறிவிப்புக்கு உரியது என்பதை விதியில் தனி வாக்கியமாக எழுதுங்கள். மேல்முறையீட்டைக் கேட்கப் பாட ஆசிரியர் அல்லாத ஒருவரைத் துறை குறித்துவைத்திருக்க வேண்டும்.

ஆய்வேடும் பத்து விழுக்காடும்

முனைவர் பட்ட ஆய்வில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, ஆய்வேடு பிறர் எழுத்தோடு கொண்டுள்ள ஒற்றுமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். இந்தச் சோதனை, ஏற்கெனவே உள்ள எழுத்தோடு ஒத்திருப்பதை அளப்பது. சாட்பாட் எழுதித் தருவது பெரும்பாலும் எங்கும் இல்லாத வாக்கியம் என்பதால், ஆய்வேடு முழுவதையும் அது எழுதியிருந்தாலும் விழுக்காடு குறைவாகவே காட்டும். எனவே, 'ஒற்றுமை 6 விழுக்காடு' என்ற சான்றிதழ், ஆய்வாளரே எழுதினார் என்பதற்குச் சான்றாகாது.

இதனால் ஒரு கெட்ட வழக்கம் வளர்ந்திருக்கிறது. 18 விழுக்காடு வந்த இயலைச் சாட்பாட்டில் போட்டு, சொற்களை மாற்றித் தரச் சொல்லி, 10க்குக் கீழே இறக்குகிறார்கள். கல்லூரி வாசலில் உள்ள தட்டச்சுக் கடைகள் இதைக் கட்டணச் சேவையாகவே செய்து தருகின்றன. பிறர் கருத்தை மூலம் சுட்டாமல் சொல் மாற்றி எழுதுவதும் கருத்துத் திருட்டுதான். இயந்திரம் மாற்றித் தந்தது என்பதால் அது தூய்மையாகிவிடாது. நெறியாளர்கள் இயல்களை இறுதி வடிவத்தில் மட்டும் வாங்காமல், மாதந்தோறும் குறிப்பேட்டையும் முதல் வரைவையும் பார்த்துவந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி எழாது. அது புதிய யோசனையும் அன்று. நெறியாளரின் பழைய வேலைதான்.

இயந்திரத்துக்குச் சொல்லக் கூடாதவை

மாணவரின் பெயர், பதிவு எண், ஆதார் எண், மதிப்பெண் பட்டியல், உடல்நலச் செய்தி, விடைத்தாளின் ஒளிப்படம் ஆகியவற்றை ஆசிரியர் தம் சொந்தக் கணக்கிலுள்ள சாட்பாட்டில் இடக் கூடாது. மாணவர் எழுதிய கட்டுரையும் அவருடைய படைப்பு. அவர் அனுமதியின்றி அதையும் இடக் கூடாது. ஆய்வாளர்கள் நேர்காணல் பதிவுகளில் தகவலாளிகளின் பெயரையும் ஊரையும் நீக்காமல் ஏற்றுவது, அவர்களிடம் பெற்ற ஒப்புதலை மீறுவதாகும். நம் உரையாடல்களைக் கொண்டு இயந்திரத்தைப் பயிற்றுவிப்பதை நிறுத்திவைக்கும் தெரிவு முக்கியமான கருவிகளின் அமைப்புகளில் இருக்கிறது. அதைக் கொண்டு அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தொடங்குவது நல்லது.

பள்ளியில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். வகுப்பறையில் இக்கருவிகளுக்குக் குறைந்தது 13 வயது என்று வரம்பு வைக்க யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. சாட்ஜிபிடியின் விதிகளும் 13 வயதுக்குக் குறைந்தோரை ஏற்பதில்லை; 18 வயது வரை பெற்றோர் அனுமதி வேண்டும் என்கின்றன. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் உறுதிசெய்யத்தக்க ஒப்புதல் தேவை. ஆகவே பள்ளியில் மாணவரைக் கணக்குத் தொடங்கச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டாம். ஆசிரியர் தம் கணினியில் இயக்கி, திரையில் காட்டி, வகுப்பாகச் சேர்ந்து விவாதிப்பதே பாதுகாப்பான முறை.

ஆசிரியரும் எழுதித் தர வேண்டும்

2025இல் பாஸ்டன் நகரின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவி ஒருவர், தம் பேராசிரியர் தந்த பாடக்குறிப்புக்குள் சாட்ஜிபிடிக்கு இட்ட கட்டளை வரி அப்படியே கிடப்பதைக் கண்டு, அந்தப் பாடத்துக்குச் செலுத்திய கட்டணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது, ஆனாலும் அந்த மாணவியின் கேள்விக்கு எளிதில் விடை சொல்ல முடியாது. மாணவருக்குத் தடை, ஆசிரியருக்கு இல்லையா?

வினாத்தாள் வரைவுக்கோ, பாடக்குறிப்புக்கோ, படவில்லைக்கோ சாட்பாட்டைப் பயன்படுத்தினால், அதன் அடியில் ஒரு வரி எழுதுங்கள்: 'பல தெரிவு வினாக்களின் முதல் வரைவு ஜெமினியைக் கொண்டு பெறப்பட்டு, என்னால் திருத்தப்பட்டது.' எங்கள் வகுப்பில் முதல் பருவத்தில் வந்த அறிவிப்புகள் அனைத்தும் 'பயன்படுத்தவில்லை' என்றே சொல்லின. ஒன்றைக்கூட நான் நம்பவில்லை. அடுத்த பருவத்தில் என் குறிப்புகளில் இப்படி ஒரு வரி சேர்க்கத் தொடங்கினேன். அதன் பிறகே மாணவர்களின் அறிவிப்புகளில் நாளும் பெயரும் தென்படலாயின.

மதிப்பெண் இடும் வேலையை மட்டும் இயந்திரத்திடம் ஒப்படைக்கக் கூடாது. கற்றல் விளைவை மதிப்பிடப் பயன்படும் செயற்கை நுண்ணறிவை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் உயர் இடர் வகையில் வைத்திருக்கிறது. இங்கே அத்தகைய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மறுமதிப்பீடு கேட்டு வரும் மாணவரிடம், 'இந்த விடைக்கு ஏன் ஆறு மதிப்பெண்?' என்பதற்கு ஆசிரியர் தம் சொந்தக் காரணத்தைச் சொல்ல இயல வேண்டும்.

பருவ இறுதியில்

அறிவிப்புகளை மறுமதிப்பீட்டுக் காலம் முடியும்வரை ஒப்படைப்போடு சேர்த்தே வைத்திருங்கள். பிறகு பெயர்களை நீக்கிவிட்டு, எந்தக் கேள்விக்கு அதிகம் பேர் சாட்பாட்டை நாடியிருக்கிறார்கள், எதற்காக நாடியிருக்கிறார்கள் என்று துறைக் கூட்டத்தில் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 'பாடநூலில் விளக்கம் புரியவில்லை' என்று இருபது பேர் எழுதியிருந்தால், அது அந்த அலகை நாம் நடத்திய விதத்தைப் பற்றிய செய்தி. 'கேள்வி பொதுவாக இருந்தது, இயந்திரமே எழுதிவிட்டது' என்ற பொருள்பட அறிவிப்புகள் வந்திருந்தால், 'சங்க இலக்கியத்தில் இயற்கை' போன்ற தலைப்புகளைக் கைவிட்டு, தம் ஊர்க் குளத்தின் பெயர்க் காரணத்தை மூன்று முதியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லலாம். புதிய கேள்வியையும் அதற்கான விதி வரியையும் அடுத்த பருவத்தின் முதல் நாளிலேயே ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள்.